யாரும் பார்க்காத ஒன்பது இடங்கள்

வாடகை வீட்டில் நாங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த வீட்டுப் பெண்மணி. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் மனைவியைப் பார்த்து, "எம்மா, ஒங்க வீட்டுக்காரர் காதுக்குப் பின்னால என்னைக்காவது பாத்திருக்கியளா?" என்றார்.

மனைவி இல்லை என்று தலையசைத்தாள்.

"பாருங்க. கண்ணாடிக் கம்பி அறுத்துப் புண்ணாக்கி வச்சிருக்கும். தலையச் சாச்சுச் சாச்சுத் தூக்குதாரே, தெரியலையா?"

மனைவி என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். புண் இருந்தது. பல மாதமாக அந்த இடம் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அன்றுவரை அது எனக்குத் தலைவலியாகத்தான் தெரிந்திருந்தது. சாயங்காலம் ஒரு தீப்பெட்டிக்குள் துத்தநாகக் களிம்பு வந்தது, கம்பியில் சுற்றிக்கொள்ளப் பழைய துணியும் சேர்த்து.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் பகலெல்லாம் எங்கள் தெருவை அதிரவைத்தன. நான் ஒரு நாளிதழுக்கு உள்ளூர் நிருபர். அவர் ஊருக்கு வெளியே ஓர் உப்பளக் கம்பெனியின் மருந்து அறையில் டிரெஸர். காயம் கழுவிக் கட்டுப்போடும் வேலைக்கு அப்போது அந்தப் பெயர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார், சில மாதம் வரமாட்டார். மற்ற நாளெல்லாம் இவர்தான். உப்பளத்துப் பெண்களுக்கு டிரெஸரக்கா. எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. முகத்தில் அம்மைத் தழும்பு. பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை, அவர் வீட்டில் இருந்த கண்ணாடியும் உள்ளங்கை அளவுதான். ஆனால் பாதங்கள் கழுவி வைத்த பாத்திரம்போல் இருக்கும். யாரோடு பேசினாலும் பார்வை முகத்தில் தங்காது. முழங்கைக்குப் போகும், கழுத்துக்குப் பின்னால் போகும், குதிகாலில் வந்து நிற்கும். பேசுகிறவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

மாதா கோயில் ஞாயிறு பூசைக்குக் கடைசி வரிசையில்தான் போய் உட்காருவார். என் மனைவி காரணத்தைக் கண்டுபிடித்து வந்து சொன்னாள். பெண்கள் முழந்தாளிடும்போது முன்வரிசைகளின் பாதங்கள் அத்தனையும் பின்னால் திரும்பித் தெரியும். டிரெஸரக்கா ஜெபம் சொல்லிக்கொண்டே அவற்றைப் படித்துக்கொண்டு வருவார். பூசை முடிந்து வெளியே வந்ததும், "ஏளா, ஒனக்கு எடது சுண்டுவிரல் இடுக்குல வெள்ள பூத்திருக்கு, நாளைக்கு வா" என்று பிடித்து நிறுத்துவார்.

மீன் விற்கும் பெண் ஒருத்தி ஒருநாள் கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டாள். "எக்கா, ஆண்டவரு பீடத்துல இருக்காரு. எங்க காலுல இல்ல."

"அவரு ஒங்க மொகத்தப் பாத்துக்கிடுவாரு. காலுக்கு ஆளில்லலா, அதான் நான் பாக்குதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேடிக்கையாக அவர் அதைச் சொல்லவே இல்லை.

இனிய பெண்மணி என்று அவரைச் சொல்ல மாட்டேன். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு மாதம். கொழுத்த குழந்தை, வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். இவர் வந்தார், மோவாயை ஒரு விரலால் தூக்கினார், கழுத்து மடிப்பை விரித்தார். உள்ளே பாலும் பவுடரும் சேர்ந்து திரிதிரியாகக் கிடந்தது. அதன் அடியில் தோல் செக்கச்சிவந்திருந்தது.

"மேல மேலப் பவுடரக் கொட்டி மணக்க வச்சிருக்கிய. அடியில அழுகுது" என்றார். ஒரு தாயிடம் இதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், அவர் சொன்னபடியே, வெந்நீரில் நனைத்த துணியால் மடிப்பு மடிப்பாக ஒற்றி, ஈரம் போக உலரவிட்டு, தேங்காயெண்ணெயைத் தொட்டு வைத்தாள். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நன்றி சொல்லப் போனவளிடம் டிரெஸரக்கா, "அக்குளயும் பாத்தியளா?" என்றுதான் கேட்டார்.

கேட்கிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஓரிடத்தில் தோல் கெட்டிருப்பதைக் கண்டுவிட்டால் அதைச் சொல்லாமல் அவரால் ஓர் அடி நகர முடியாது. "பாக்காததுனாலதான் விட்டுருதாவ. பாத்துட்டா ஒருத்தரும் விட மாட்டாவ" என்பார். அவருடைய வேதமே அவ்வளவுதான்.

மழையில் உப்பு அம்பாரங்கள் கரைந்த செய்திக்காக ஒரு சனிக்கிழமை அவர் கம்பெனி உப்பளத்துக்குப் போனேன். வேலை முடிந்த நேரம். மருந்து அறைக்கு வெளியே ஓலை நிழலில் முப்பது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். முதலில் ஏதோ ஜெபம் என்று நினைத்தேன்.

"ஒண்ணு. உச்சி. சும்மாடு வைக்கிற எடம். விரல வச்சுப் பாரு, முடி இருக்கா, தோலு காந்துதா?"

முப்பது கைகள் உச்சந்தலைக்குப் போயின. தலையில் ஓலைப்பெட்டி சுமந்து சுமந்து அங்கே பலருக்கு வழுக்கை விழுந்திருந்தது.

காதின் பின்புறம். கழுத்தின் பின்புறம். அக்குள். முழங்கை. "ஆறு. இடுப்புக் கயிறு" என்றதும் சிரிப்பு கிளம்பியது. பாவாடை நாடா இறுக்கி இறுக்கி, அந்த வரியில் வியர்வையும் உப்பும் சேர்ந்து, பெரும்பாலோருக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"எக்கா, பேப்பர்க்காரர் நிக்காரு."

"நிக்கட்டும். அவருக்கும் இடுப்பு இருக்கு. கண்ணத் தொறக்காதங்களா. எந்த எடத்துல காந்துதோ அங்க நில்லு. அடுத்ததுக்கு ஓடாத. ஒன் ஒடம்பு என்னமோ சொல்லுது, அது சொல்லி முடிக்கட்டும்."

முழங்காலின் பின்மடிப்பு, விரலிடுக்கு, கடைசியாகக் குதிகால். ஆக ஒன்பது. குதிகாலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. வருடக்கணக்காக உப்புப் பாத்தியில் நிற்கும் கால்கள். வெடிப்புகள் சிலவற்றில் ஒரு பத்துப் பைசாக் காசை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துணியால் இடுக்கெல்லாம் ஒற்ற வேண்டும். நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிப் பூச வேண்டும். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் அவர் வழி பண்ணியிருந்தார். நல்ல தண்ணீர்தான் இல்லை. உப்பளத்தில் குடிக்கவே அது லாரியில் வர வேண்டும்.

அந்தத் தண்ணீருக்காக அவர் மேனேஜரிடம் ஒன்பது மாதம் நடந்தார். மழைக்கால ஓய்வுக்கு முன்பு ஒருநாள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"மூணு டிரம்மு தண்ணி தாராராம். ஏன் தரணும்னு கேட்டாரு. சொன்னேன். வெடிப்போட உப்புல எறங்குனா சீப்பிடிக்கும், சீப்பிடிச்சா பத்து நாளு வேலைக்கு வரமாட்டா, காலே போனாலும் போயிரும்னேன். அப்பம் ஆரம்பத்துலயே எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு கேட்டாரு. எத்தன வருசமாச்சு, ஒருத்தன் இதக் கேட்டு! கங்காணியக் கூப்புட்டு மூணு எடம் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். குதிகாலு, விரலிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால. கெட்டிக்காரன், ஒரு மணிநேரத்துல பிடிச்சுக்கிட்டான்."

தை பிறந்து உப்பளம் மறுபடி தொடங்கிய முதல் நாள், கங்காணி வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பலகையில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அவன் விரலிடுக்கை விரித்துப் பார்த்தான், குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். டிரெஸரக்கா கற்றுக்கொடுத்ததில் ஒரு பிசகு இல்லை. வெடிப்பு இருந்தவர்களிடம், "ஆறினப்புறம் வா" என்றான். அன்றைக்கு மட்டும் பதினொரு பேர் திரும்பிப் போனார்கள். அவர்கள் இடத்துக்குத் தருவைகுளம் பக்கத்திலிருந்து இளம் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏற்கெனவே ஒரு லாரி வந்து நின்றிருந்தது. மழை மாதங்களில் கடன்பட்டுச் சாப்பிட்டவர்களுக்கு உப்பு வாரும் இந்த எட்டொன்பது மாதம்தான் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்தாலும் எந்தக் குதிகாலும் ஆறப்போவதில்லை. அவை இருபது வருடத்து வெடிப்புகள்.

டிரெஸரக்கா ஆபீஸுக்கு ஓடினார். செய்திக்காகப் போயிருந்த நான் வெளியே நின்றிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"பாத்து மருந்துக்கு அனுப்பத்தான சார் சொல்லிக் குடுத்தேன். வீட்டுக்கு அனுப்பவா சொன்னேன்?"

மேனேஜர் குரல் உயரவில்லை. அவர் மரியாதை தெரிந்த மனிதர். "நீங்கதானம்மா சொன்னீங்க, வெடிப்போட எறங்கினா காலே போயிரும்னு. தெரிஞ்சிருந்தும் இறக்கிவிட்டா அது பாவமில்லையா? டிரம் வந்திருச்சு பாருங்க."

மூன்று டிரம்மும் வந்திருந்தன. உள்ளே போனவர்கள் கழுவிக்கொள்ளலாம்.

நாளிதழுக்கு நான் மூன்று பத்திச் செய்தி அனுப்பினேன். வரவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை ஓலை நிழலில் யாரும் நிற்கவில்லை. அவர் வருவதைக் கண்டால் பெண்கள் சேலையைத் தாழ்த்திப் பாதத்தை மூடினார்கள். ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாளாம்: "நீ காட்டிக்குடுக்கலேன்னா அவனுக்கு எங்க பாக்கணும்னே தெரிஞ்சிருக்காது."

இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்கள் குதிகால்கள் வழவழவென்று இருந்தன. கங்காணி மகிழ்ந்துபோனான். "இப்பதாம்ளா காலு காலா இருக்கு" என்று பாராட்டி உள்ளே விட்டான்.

வழி கண்டுபிடித்தவள் செல்லக்கனி என்றொரு பெண். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம். முதல் நாள் திரும்பிப் போன பதினொரு பேரில் ஒருத்தி. புருஷன் கொழும்புக்குப் போகும் தோணிகளுக்குக் கலப்பத்து அடிப்பவன். பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் குழைத்த பசையை மேலே பூசி, கடல் உள்ளே வராமல் அடைக்கிற வேலை. அந்தப் பசையைத்தான் செல்லக்கனி குதிகால் வெடிப்புகளில் திணித்தாள். காவியைக் கலந்ததும் தோலின் நிறமே வந்துவிட்டது. கடலையே தடுக்கிற சாமான், உப்புத் தண்ணீரைத் தடுக்காதா என்பது அவள் கணக்கு. வெளியிலிருந்து அது தடுக்கவும் செய்தது. வலிகூடக் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு சிரட்டை கொடுத்தாள்.

டிரெஸரக்கா அதைக் கண்டுபிடித்தது உப்பளத்தில் இல்லை, பூசையில். முழந்தாளிட்டிருந்த செல்லக்கனியின் பாதங்களைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். அன்று அவர் நற்கருணை அப்பம் வாங்கக்கூடப் போகவில்லை. கோயிலுக்கு வெளியே, தேர் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் செல்லக்கனியை மறித்தார். நானும் மனைவியும் நாலடி தள்ளி நின்றிருந்தோம்.

"குதிகாலுக்கு ரேகை எங்க போச்சுளா? என்னத்த அடச்சு வச்சிருக்க?"

செல்லக்கனி ஒன்றையும் மறைக்கவில்லை. சொன்னாள்.

"இன்னைக்கே எடு. உள்ள சீப்பிடிச்சா வெளிய வர வழி கெடையாது. மேல மேல ஏறும்."

"எடுத்தா நாளைக்குப் பலகையில என்ன காலக்கா வைக்க? ஒன் காலயா வைக்க?"

"நான் மேனேஜர்ட்ட பேசுதேன்."

"நீ பேசுனதுதான் எல்லாம்." செல்லக்கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சுகிற குரலில்தான் பேசினாள். "மூணு புள்ளையள். அவரு வேல தோணி வந்தா உண்டு, வரலேன்னா இல்ல. உப்பு முடியுத புரட்டாசி வரைக்கும் என்ன விட்டுரு எக்கா. நீ பாத்ததுனாலதான இவ்வளவும். இந்த ஒரு தடவ பாக்காம இரி."

டிரெஸரக்கா யாரிடமும் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத ஆள். சொன்னால் அவள் வேலை போகும், அவளைப் பார்த்து அடைத்த அத்தனை பேரின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

"சாயங்காலம் சாயங்காலம் என் வீட்டுக்கு வா" என்றார் கடைசியில். "எடுத்துக் கழுவி மருந்து வைக்கேன். காலையில நானே அடச்சு விடுதேன்."

செல்லக்கனி வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்கும். இறுகிய பசை வெந்நீருக்கும் எண்ணெய்க்கும் லேசில் இளகவில்லை. பெயர்க்கும்போது தோலும் சேர்ந்து பெயர்ந்தது. இரண்டு நாள் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. டிரெஸரக்கா அவள் வீட்டுக்குப் போனார். வலியே இல்லை, நன்றாக இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள்.

வலி இல்லை என்று அவள் சொன்னது போகப் போக உண்மையாகிவிட்டது. அவள் உடம்பில் சர்க்கரை இருந்ததும், காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததும் பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. டிரெஸரக்காவோ வாசல் பலகையில் அவள் காலை வைப்பதைத் தினமும் மருந்து அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கின்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் என் மனைவி சமைத்துக் கொடுத்ததை அவர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பங்குனிக் கடைசியில் செல்லக்கனி உப்புப் பெட்டியோடு விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே கறுத்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நஷ்டஈடு கேட்டுக் கம்பெனித் தலைமைக்கு நான் மனு எழுதினேன், அனுப்பும்முன் மேனேஜரைப் பார்க்கப் போனேன். மேனேஜர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். கங்காணியையும் கூப்பிட்டார். "காலு நல்லாத்தான சார் இருந்துச்சு. தெனமும் நான் பாத்தேனே" என்றான் அவன். அதில் பொய் ஒன்றும் இல்லை. "சர்க்கரை வியாதிக்கு உப்பளம் என்ன செய்யும்?" என்றார் மேனேஜர். "எங்க டிரெஸரம்மாவும் தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லலையே."

டிரெஸரக்கா இதை மறுக்கவில்லை. தான் கண்டதையும் சொல்லாமல் இருந்ததையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார். மனுவோடு சேர்த்தால் செல்லக்கனி பசை வைத்து ஏமாற்றியதும் அதிலேயே வெளிவந்துவிடும். சேர்க்க முடியவில்லை. இல்லாமல் அனுப்பினேன். பதில் வந்தது: கம்பெனிக்குப் பொறுப்பில்லை.

அந்தப் பதிலைச் சொல்லத்தான் ஒரு பிற்பகல் நானும் டிரெஸரக்காவும் செல்லக்கனி வீட்டுக்குப் போனோம். அவர் ஏற்கெனவே தினமும் போய்க்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தைக் கழுவி, தையல் மடிப்பில் ஈரம் தங்காமல் ஒற்றி, எண்ணெய் தொட்டு, துணி சுற்றிவிட்டு வருவார். செல்லக்கனி காலை நீட்டுவாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு மாதமாக அவரோடு ஒரு சொல் பேசியதில்லை என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

நான் தாளை வாசித்துச் சொன்னேன். செல்லக்கனி கேட்டுக்கொண்டாள். டிரெஸரக்கா கட்டுப்போட்டு முடித்தார். நாங்கள் எழுந்தபோது மூத்த மகள் உப்பளத்திலிருந்து வந்தாள். பதினேழு வயது. தாயின் இடத்தில் அவளைச் சேர்த்திருந்தார்கள். அதை மேனேஜர் தன் தயவாக என்னிடம் சொல்லியிருந்தார். பெண் வாசல்படியில் உட்கார்ந்து சேலையின் ஈரத்தைப் பிழிந்தாள். நடக்கும்போது இடது காலைப் பக்கவாட்டில் வைத்து வந்தாள் என்பதை நான்கூடக் கவனித்தேன்.

டிரெஸரக்கா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கையில் மருந்துக் கிண்ணி இருந்தது.

"காலக் காட்டு தாயி" என்றார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

பெண் பாதத்தைப் பாதி நீட்டினாள்.

"காட்டாதளா" என்றது உள்ளேயிருந்து செல்லக்கனியின் குரல்.

பெண் பாதத்தை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். டிரெஸரக்கா கிண்ணியைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு நாங்கள் வெளியே வந்தோம். தெருமுனை திரும்பும்முன் நான் ஒருமுறை பின்னால் பார்த்தேன். அந்தப் பெண் கிண்ணியை எடுத்து வெளியே சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.